ஒற்றை யானையோடு நின்ற வாசல் நிலை

முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும், எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படிப்பவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். நேரில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது என்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இது நடந்தது போன ஆனி மாதக் கடைசியில், புதுச்சேரி நெல்லித்தோப்பில் நான் வேலை செய்கிற கடையில். பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் பிரிக்கிற கடை அது. முன்பக்கம் ரிப்பேர் வேலையும் நடக்கும். ரிப்பேர் முதலாளி பார்ப்பார். பிரிக்கிறது என் வேலை.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்தது புரியும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் நீளநீளமாகச் சில பள்ளங்கள் இருக்கும். கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஏதாவது வேலை வர வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு கார்டு வாங்கி அந்தப் பள்ளத்தில் செருகிவிடுவார்கள். பாட்டு கேட்க ஒரு கார்டு, டிவி பார்க்க ஒரு கார்டு, வேறு மெஷினோடு சேர்க்க ஒரு கார்டு. அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் அடியில் இருக்கிற பல் வரிசைதான். செருகுகிற அந்த விளிம்பில் சீப்புப் பல் மாதிரி தங்க முலாம் பூசியிருக்கும். எங்களுக்கு அதுதான் சரக்கு. கார்டைப் பிடுங்குவேன், பக்கவாட்டில் இருக்கிற இரும்புத் தகட்டைக் கழற்றி இரும்புக் குவியலில் போடுவேன், தகரம் வெட்டுகிற கத்திரியால் பல் வரிசையை ஒரே வெட்டாக வெட்டி டப்பாவில் போடுவேன். மீதிப் பலகை கோணிப்பைக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மூடி போட்டு வந்த பெட்டி ரிப்பேருக்கு. மூடி இல்லாமல் வந்த பெட்டி செத்தது. ஓடுகிற கம்ப்யூட்டரை யாராவது திறந்து போட்டு வைப்பார்களா?

அன்று மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கடையில் யாரும் இல்லை. நான் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. பக்கமூடி இல்லை. உள்ளே பார்த்தால் மரத்தூள் அப்பிக்கிடந்தது. எங்கேயோ தச்சுப்பட்டறைப் பரணில் கிடந்து எடைக்கு வந்த சாமான் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன், பிடுங்கினேன், தகட்டைக் கழற்றினேன், வெட்டினேன். பீடி பற்ற வைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

பலகையின் மற்ற திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, இன்னொரு கையில் பார்சல் டீயும் காகிதக் கப்புகளும் வைத்திருந்தார். தவளக்குப்பத்தில் மரத்தில் பூவேலை செய்கிற பட்டறை வைத்திருக்கும் பாய். முன்பு ஒருமுறை கடையில் பார்த்திருக்கிறேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

“தொழுதுட்டு வர்றதுக்குள்ள மொதலாளி வந்துட்டாரா அண்ணே? பவர் சப்ளை வாங்கியாறேன்னு போனாரு. இந்தாங்க, உங்களுக்கும் சேத்துதான் டீ வாங்கினேன்...”

அதற்குள் என் காலடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டார். கார்டு ஒரு பக்கம், அதன் பல் வரிசை ஒரு பக்கம்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீயை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே குந்தி, இரண்டு துண்டையும் கையில் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒட்டிவிடலாமா என்று பார்க்கிற மாதிரி.

“இது என் மெஷினோட கார்டு அண்ணே,” என்றார். “இது இருந்தாத்தான் கம்ப்யூட்டரு சொல்றது மெஷினுக்குக் கேக்கும்.”

அவர் பட்டறையில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்குகிற மெஷின் ஒன்று ஓடுகிறது. மூடி போட்டால் சூட்டில் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது என்று மூடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு மின்விசிறி வைத்து, தினமும் சாயங்காலம் காற்றடித்துத் தூளை ஊதி ஓட்டிக்கொண்டிருந்தாராம். அன்று காலையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பவர் சப்ளை புகைந்துவிட்டது. அதை மாற்றத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

முதலாளி வந்தார். நடந்ததைப் பார்த்து முதலில் தலையில் கை வைத்தார். பிறகு, எனக்காகவா கடைப் பேருக்காகவா தெரியவில்லை, பாய் மேல் பாய்ந்தார். “மூடி இல்லாம எவன் பாய் பொட்டி கொண்டாருவான்? பாத்தா காயலான் கடை சாமான் மாதிரி கீது. எங்க ஆளு இன்னா ஜோசியமா பாப்பான்?”

அந்தப் பெட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதே முதலாளிதான். அது அவருக்கும் தெரியும். நான் ‘ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் பாய், தப்பு என்னுது’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. என் மீது வர வேண்டிய பேச்சு பாய் மீது விழுந்துகொண்டிருந்தது, நான் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மெஷின்ல பாதி செதுக்கின நெலைய வெள்ளிக்கிழமை வைக்கிறாங்க மொதலாளி,” என்று மட்டும் சொன்னார் பாய். “ஆனியில கடைசி முகூர்த்தம். அப்புறம் ஆடி.”

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். தலைவாசலுக்கு நிலை நிறுத்தினால்தான் மேலே சுவர் எழும்பும். ஆடியில் வைக்க மாட்டார்கள். தவறினால் ஆவணிவரை வேலை நிற்கும், அப்புறம் மழை வந்துவிடும்.

புதுக் கார்டு கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். கார்டின் விலையை முதலாளியும் பாயும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அது பெரிய சண்டையாகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையை யாராலும் தள்ளி வைக்க முடியவில்லை.

பாய் போன பிறகு டீ ஆறிக் கிடந்தது. நான் கோணிப்பைகளைக் கொட்டி, அதே மாதிரி கார்டு ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் எனக்கு மறக்காது. மூன்றாவது பையில் ஒன்று கிடைத்தது. அதே பச்சை, அதே இடத்தில் வயர் மாட்டுகிற அதே நீளச் சொருகி. எடுத்துத் திருப்பினேன். பல் இல்லை. நானே வெட்டியதுதான், என் வெட்டு எனக்குத் தெரியும். எப்போது வெட்டினேன், அது யாருடையது, செத்த பெட்டியிலிருந்து வந்ததா இல்லை வேறு யாராவது டீ வாங்கப் போயிருந்தார்களா, எதுவும் நினைவில்லை. கொட்டியதையெல்லாம் பைகளில் அள்ளிப் போட்டேன், அந்தக் கார்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

மறுநாள் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போனேன். நோணாங்குப்பம் பாலத்தில் படகுக்குப் போகிற சுற்றுலாக்காரர்களின் கார் வரிசை. அதில் சிக்கி நின்றபோது, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். பாய் முன்னால் போய் நின்று என்ன பேசப்போகிறோம்? ஆனால் பின்னால் வண்டிகள் அடைத்து நின்றன. திரும்ப வழி இல்லாததால் போனேன். தைரியத்தால் இல்லை.

பட்டறையில் நிலை மெஷின்மேல் படுத்திருந்தது. வேப்பமரம், வாசனை தூக்கியது. மேல் சட்டத்தின் நடுவில் லட்சுமி தாமரையில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கி லட்சுமிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வலது பக்கம் வெறும் மரம். அந்த யானை வருவதற்குள்தான் மெஷின் நின்றிருக்கிறது.

“வேற பட்டறையில...” என்று இழுத்தேன்.

“கேட்டேன் அண்ணே. எல்லார்கிட்டயும் வெள்ளிக்கிழமைக்கு வேலை நிரம்பி வழியுது. அதுமில்லாம பாதியில நின்னத வேற மெஷின்ல ஏத்தினா ஒரு நூல் தள்ளினாலும் லட்சுமி மூஞ்சி போயிடும்.”

“கையால செதுக்கினா?”

பாய் சிரித்துவிட்டார். “எனக்கு மவுஸ்தான் புடிக்கத் தெரியும். உளி புடிச்சேன்னா யானை பன்னியாயிடும்.”

ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு உப்புத்தாளை என் கையில் கொடுத்தார். நான் நிலையின் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். பேச வேண்டிய அவசியமில்லாத வேலை என்பதால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். புருஷன் டவுனில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார், வாய் திறக்காதவர். அந்த அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். இரண்டு பிள்ளைகளோடு மூன்று வருஷமாக ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்துகொண்டு வீடு கட்டுகிறார்கள். நிலையைப் பார்த்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இன்னா பாய் இது? எங்க லட்சுமிக்கு ஒரு பக்கந்தான் தண்ணி ஊத்துவீங்களா? இன்னொரு யானை எங்க, காட்டுக்கு மேயப் போயிருக்குதா?”

பாய் நடந்ததைச் சொன்னார். கார்டைக் கடையில் தெரியாமல் வெட்டிவிட்டார்கள் என்று சொன்னாரே தவிர, யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “தப்பு எம்மேலதான் தங்கச்சி. மூடி போட்டுக் கொண்டுபோயிருக்கணும். பக்கத்துல இல்லாமப் போயிட்டேன்.”

“நீங்க ஏன் பாய் தப்பை வாங்கிக் கட்டிக்கிறீங்க? வெட்டினவனுக்குக் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு? ஒரு வார்த்த கேட்டா வாயில இருக்கிற முத்து உதுந்துடுமா?” அந்த அம்மாவின் குரல் உடைந்தது. “ஆவணி வரைக்கும் எங்கள அந்தக் கொட்டாயிலயே வேகச் சொல்றானா அவன்?”

நான் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லுங்கண்ணே. மனுசனா பொறந்தவன் இப்படி வெட்டுவானா?”

தலையைத் தூக்காமல் நான் சொன்னேன்: “வெட்டக் கூடாதுதாம்மா.”

இதுதான் நான் சொன்னது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், நான் வெட்டியதை வேறு யாரோ வெட்டியது மாதிரி சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு மரத்தூளைக் கூட்டித் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மா இன்னும் கொஞ்சம் போனார். “பாருங்க, இந்தண்ணன் யாரோ எவரோ, வேர்க்க வேர்க்க நின்னு நமக்காகத் தேய்க்கிறாரு. இப்படியும் மனுசங்க கீறாங்க,” என்று புருஷனிடம் சொன்னார். கொண்டு வந்திருந்த மோரை எனக்குத்தான் முதலில் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். குடிக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது?

கடைசியில் வழி சொன்னது அந்தப் புருஷன்தான். “நெலைய அப்படியே வெச்சிடலாம் பாய். ஒத்த யானையோட. முகூர்த்தம் போனா வராது. யானை அப்புறம் வரட்டும்.” புதுக் கார்டு வந்ததும் வலது யானையைத் தனிப்பலகையில் செதுக்கிக் கொண்டுவந்து பதித்துத் தருவதாகப் பாய் வாக்குக் கொடுத்தார். கோடு தெரியும், மறைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுதுகொண்டே சரி என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் நிலையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பூ வைத்தார்கள். வெறும் மரமாக இருந்த அந்த வலது பக்கத்தில் அந்த அம்மா குங்குமத்தை மட்டும் கொஞ்சம் பெரியதாக வைத்தார். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள். “இன்னாடி, ஆசாரிக்கு ஒரு கண்ணு அவுட்டா?” என்று ஒரு பெரியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் கூடவே சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

நிலையைத் தூக்குகிறவர்களுக்குத் துண்டு போடுவது அங்கே வழக்கம். பாய்க்குப் போட்டார்கள், கொத்தனாருக்குப் போட்டார்கள். அப்புறம் அந்த அம்மா ஒரு புதுத் துண்டை விரித்துக்கொண்டு என் முன்னால் வந்தார். “கூட நின்னு பாடுபட்டவரு,” என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார்.

துண்டு என் தோளில் படுவதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். “நாந்தாம்மா வெட்டினது.”

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் கேட்டுவிட்டது. அவருடைய கைகள் அப்படியே நின்றன. பாய் ஏதோ சொல்ல வந்தார், அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். மோர் கொடுத்தது நினைவுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“முகூர்த்த நேரத்துல இதெல்லாம் பேசக் கூடாது. தூக்குங்க,” என்றார்.

தூக்கினோம். நிலை நின்றது. எல்லாம் முடிந்து நான் மொபெட்டை எடுக்கப் போனபோது பின்னால் வந்தார். துண்டை மடித்து வைத்திருந்தார். தோளில் போடவில்லை. கையில் கொடுத்தார். திரும்பிப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு திட்டு இந்த ஊரில் எவராலும் திட்ட முடியாது.

புதுக் கார்டு வந்தது. ஆடி முடியட்டும் என்று சொல்லியிருந்ததால், ஆவணி பிறந்த பிறகு பாய் யானையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது கடையில் வண்டியை நிறுத்தி, “வாங்கண்ணே, யானைய வீட்டுல விட்டுட்டு வருவோம்,” என்றார். வரவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. போனேன்.

சுவர் மேலே எழும்பியிருந்தது. ஏணி போட்டு, பலகைக்குப் பசை தடவினோம். ஏணியில் பாய்தான் முதலில் ஏறினார். அந்த அம்மா கீழே இருந்து, “நீங்க எறங்குங்க பாய். அவரு ஏறட்டும்,” என்றார். திருகுளியை என் கையில் கொடுத்தார். “கோணாம முடுக்குங்க. ஏற்கெனவே ஒருவாட்டி வெட்டினது போதும்.”

பாய் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் ஏணியை அவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முடுக்கினேன். யானை உட்கார்ந்தது. வேப்பமரம் அதற்குள் வெயிலில் நிறம் மாறியிருந்ததால் ஒட்டுப்போட்ட இடம் நன்றாகவே தெரிகிறது. அந்தத் தெருப் பிள்ளைகள் அதைப் புது யானை, பழைய யானை என்று சொல்கிறார்களாம்.

இப்போது கடையில் மூடி இல்லாத பெட்டி எது வந்தாலும், “இது உசுரோட கீதா, செத்துதா?” என்று வாய்விட்டுக் கேட்கிறேன். யாரும் இல்லையென்றால் வரும்வரை கத்திரியைத் தொடுவதில்லை. முதலாளி கிண்டல் செய்கிறார், ஊமைக்குப் பேச்சு வந்துவிட்டது என்று. துண்டை இதுவரை ஒருமுறைகூட நான் தோளில் போட்டதில்லை. ஒரு கார்டை வெட்டியதை அந்த வீட்டுக்காரர்கள் எப்போதோ மன்னித்திருப்பார்கள். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு “வெட்டக் கூடாதுதாம்மா” என்று நான் சொன்ன வார்த்தை, எந்த வேலையில் இருந்தாலும் திடீரென்று காதில் கேட்டு, இன்றைக்கும் என் கையை ஒரு நிமிஷம் நிறுத்திவிடுகிறது.

எழுதி முடித்த நாள்: புரட்டாசி மாதம், இரண்டாவது சனிக்கிழமை.